திரையைப் பார்த்து முக்குவது: பிரசவ அறையில் அல்ட்ராசவுண்ட், படிப்படியாக

“முக்கும்மா, இன்னும் கொஞ்சம், விடாதே” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்லும் அறையில், தான் முக்குவது சரியா இல்லையா என்பது அந்தத் தாய்க்கு மட்டும் தெரிவதில்லை. சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகத்துக்குப் பதிலாகக் குழந்தையின் தலை நகர்வதை அவருக்கே காட்டிவிடலாம் என்பதுதான் இந்த முறை. அல்ட்ராசவுண்ட் ப்ரோபை (உடம்பின் மேல் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவி) வெளியிலிருந்தே பிறப்புறுப்பின் மேல் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைக்கிறோம். அவர் முக்குகிறார், தலை நகர்கிறது, அதை அவரே பார்க்கிறார்.

கேட்க எளிது. செய்யும்போது பல இடங்களில் சறுக்கும். பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலியர்களுக்கும், மருத்துவச்சிகளுக்கும், இளம் டாக்டர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தபோது கண்டதை வைத்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவு உங்களுக்கு, படம் அவருக்கு. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

1. யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம்

கர்ப்பப்பை வாய் முழுதாக, அதாவது 10 செ.மீ., திறந்திருக்க வேண்டும். இதைக் கைப் பரிசோதனையில்தான் உறுதி செய்ய வேண்டும், திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வாய் முழுசாகத் திறக்காமல் முக்க வைத்தால் அது வீங்கும், தாயும் வீணாகக் களைத்துப் போவார்.

தலை கீழே இருக்க வேண்டும், குழந்தையின் இதயத் துடிப்பு திருப்தியாக இருக்க வேண்டும். துடிப்பு விழுகிறது, ரத்தப்போக்கு இருக்கிறது, தொப்புள்கொடி முன்னால் வந்துவிட்டது என்றால் ப்ரோபைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. இதயக் கோளாறு போன்ற காரணங்களால் முக்கவே வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இது கிடையாது.

தானாகவே முக்கல் உணர்வு பலமாக வந்து, ஒவ்வொரு வலிக்கும் தலை இறங்கிக்கொண்டிருப்பவரை விட்டுவிடுங்கள். அவருக்குத் திரை தேவையில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வேலையில் ஒரு மெஷினைக் கொண்டுபோய் நுழைத்து அவர் கவனத்தைக் கலைக்கிறோம், அவ்வளவுதான் நடக்கும்.

அதிகம் பயன் கிடைப்பது யாருக்கு என்றால், முதல் பிரசவக்காரர்கள், எபிடூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) போட்டதால் உணர்வு மங்கியவர்கள், எங்கே முக்குவது என்றே பிடிபடாதவர்கள், “ஒண்ணுமே நகரலையே” என்று மனம் விட்டுப் போனவர்கள்.

வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முக்கும் நேரம் குறைந்ததாகவும், முக்கும்போது தலை கூடுதலாக இறங்கியதாகவும் சிலவற்றில் கண்டிருக்கிறார்கள். “இதைப் பார்த்தால் சிசேரியன் வராது” என்று சொல்லும் அளவுக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

2. வலி கூடுவதற்கு முன் தயாராக வேண்டியவை

வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் வளைந்த ப்ரோப் போதும். உள்ளே செலுத்தும் ப்ரோப் வேண்டாம். ப்ரோபின் முகத்தில் ஜெல் தடவி, கையுறை அல்லது ப்ரோப் உறையைப் போட்டு, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் நீவிவிட்டு, உறைக்கு மேல் மீண்டும் ஜெல் தடவுங்கள். குமிழி இருக்கும் இடத்தில் படம் கறுத்துப் போகும். வலி வந்தபிறகு உறையைக் கழற்றிச் சரிசெய்ய நேரம் இருக்காது. லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மெஷினில் ஆழத்தை 12 செ.மீ. அளவில் வைத்துத் தொடங்கி, படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் ஆழம் வைத்தால் தலை திரையில் சின்னதாகத் தெரியும், படமும் மெதுவாக ஓடும். சாதாரண கறுப்பு வெள்ளைப் படமே போதும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் தேவையில்லை. வேலைக்குத் தேவையான அளவுக்குக் குறைந்த அலைச்சக்தி என்ற வழக்கமான விதி இங்கேயும் உண்டு. அதனால் இரண்டு வலிகளுக்கு நடுவில் ப்ரோபை எடுத்துவிடுங்கள்.

திரையின் இடம்தான் பலரும் கோட்டைவிடும் விஷயம். டாக்டருக்கு வசதியாக வைத்த திரையைத் தாய் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். முக்கும்போது தாடை மார்பை நோக்கி இருந்தால்தான் வசதி. கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு யாராலும் சரியாக முக்க முடியாது. தலையை லேசாகக் குனிந்த நிலையில் அவர் கண் எங்கே போகிறதோ அங்கே, பெரும்பாலும் கால்மாட்டில் சற்று ஓரமாக, திரை இருக்க வேண்டும். நீங்களே ஒருமுறை அந்தக் கட்டிலில் சாய்ந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

அறை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கண்ணாடி போடுபவரா என்று கேளுங்கள். பிரசவ அறைக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருப்பார்கள், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். ஒருவர் ப்ரோப் பிடிக்க வேண்டும். ஒருவர் தாயிடம் பேச வேண்டும். குழந்தையின் துடிப்பைப் பார்க்க ஒருவர் வேண்டும். ஆள் குறைவென்றால் பேசுபவரும் துடிப்பைப் பார்ப்பவரும் ஒருவராக இருக்கலாம். ப்ரோப் பிடிப்பவர் பேசக் கூடாது. படத்தைத் தக்கவைப்பதிலேயே அவர் கவனம் போய்விடும், அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் “இல்லை, இல்லை, படம் போச்சு” என்ற மாதிரியான பேச்சுதான். தான் தப்பாக முக்கியதைத்தான் சொல்கிறார்கள் என்று தாய் எடுத்துக்கொள்வார்.

3. சம்மதம், சிறுநீர், படுக்கும் நிலை

என்ன செய்யப் போகிறீர்கள், ப்ரோப் எங்கே படும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதை வலி இல்லாத நேரத்தில் சொல்லிக் கேளுங்கள். பார்க்கப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். உள்ளே நடப்பதைப் பார்த்தால் பயம் கூடும் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிரம்பிய பை தலை இறங்கும் வழியை அடைக்கும், படத்தையும் கெடுக்கும்.

பாதி சாய்ந்த நிலையில், இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கப் படம் எடுப்பது எளிது. ஆனால் மல்லாக்க நேராகப் படுக்க வைக்காதீர்கள். கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தி, தாயின் ரத்த அழுத்தமும் குழந்தையின் துடிப்பும் இறங்கலாம். இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால்தான் வசதி என்கிறாரா, அப்படியே இருக்கட்டும், மேல் காலை ஒருவர் தாங்கிக்கொண்டால் ப்ரோப் வைக்க இடம் கிடைக்கும். குந்தியோ மண்டியிட்டோ முக்க விரும்புபவரை ஸ்கேனுக்காகக் கட்டிலில் கட்டிப்போட வேண்டாம். இடையில் அவரே படுக்கும்போது இரண்டு வலிகளுக்குக் காட்டினால் போதும்.

போர்வை, கதவு, திரைச்சீலை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய கண்ணும் மெஷினில் இருக்கும்போது கதவு திறந்து கிடப்பது யார் கண்ணிலும் படாது.

4. படத்தைப் பிடிப்பது

முதலில் வயிற்றின் மேல், முன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே ப்ரோபைக் குறுக்காக வைத்து, குழந்தையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கண்குழிகளும் உங்களை நோக்கித் தெரிந்தால் குழந்தை வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அப்படியென்றால் இறங்குவது மெதுவாகத்தான் இருக்கும், அதற்கேற்ப உங்கள் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். தாய் சரியாகவே முக்கிக்கொண்டிருக்க, “சரியா முக்கலை” என்று அவரைக் குறை சொல்லும் தவறு இந்த ஒரு பார்வையில் தவிர்ந்துவிடும்.

பிறகு ப்ரோபை நெடுக்காகத் திருப்பி, யோனி உதடுகளுக்கு இடையில் மென்மையாக வையுங்கள். திரையில் இரண்டு பொருள் தெரிய வேண்டும். ஒன்று, முன் இடுப்பெலும்புகள் சேரும் இணைப்பு, சிம்ஃபிசிஸ் என்போமே, அது நீள்வட்டமாகத் தெரியும். மற்றது, குழந்தையின் மண்டையோடு, பிறை போல வளைந்த வெள்ளைக் கோடாக.

நீள்வட்டத்துக்குப் பதிலாகப் பளிச்சென்ற எலும்பும் அதன் பின்னால் கறுத்த நிழலும் தெரிந்தால், நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டுக்குப் போய்விட்டீர்கள். ப்ரோபை ஒரு நூல் அளவு நகர்த்தினால் போதும். பக்கவாட்டுப் படத்தில் தலை நகர்வது தவறாகத் தெரியும், தாய்க்குத் தவறான பாடம் போகும்.

அழுத்தாதீர்கள். பெரினியத்துக்கும் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதி) தலைக்கும் உள்ள தூரத்தை அளக்கும்போதுதான் அழுத்திப் பிடிப்பார்கள், அது வேறு முறை. இங்கே அழுத்தினால் வலிக்கும், வரும் தலைக்குத் தடையும் ஆகும். முக்கும்போது பெரினியம் வெளியே தள்ளும். அதோடு சேர்ந்து உங்கள் கையும் பின்வாங்க வேண்டும்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தான் மெஷினில் இருக்கும். வெளியே வரும் வழி திரையின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலை திரையில் மேலே போவதைக் காட்டி “இறங்குது பாருங்க” என்றால் யாருக்குப் புரியும்? பாடப்புத்தகப் படம் எந்தத் திசையில் இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு பிரசவ அறையில் எல்லோரும் ஒரே திசையை வைத்துக்கொள்வது மட்டும் முக்கியம்.

5. அளவு: ஒருமுறை எடுத்து, ஒதுக்கி வைப்பது

தொடக்க நிலையைக் குறித்துக்கொள்ள ஆங்கிள் ஆஃப் புரோகிரஷன் எடுங்கள். சிம்ஃபிசிஸின் நீளவாக்கில் ஒரு கோடு, அதன் கீழ்முனையிலிருந்து மண்டையோட்டின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் வரும் கோணம். சுமார் 116 டிகிரி என்றால் தலை ஸ்டேஷன் 0 (இடுப்பின் நடுவிலுள்ள எலும்பு முட்களின் மட்டம்) பக்கத்தில் இருக்கிறது. கோணம் கூடக்கூடத் தலை கீழே.

கோடு எலும்பைத் தொட வேண்டும், தலைத்தோலை அல்ல. நீண்ட நேரம் முக்கியவருக்குக் குழந்தையின் தலைத்தோல் வீங்கியிருக்கும். வீக்கத்தைத் தொட்டு அளந்தால் தலை உண்மையில் இருப்பதைவிடக் கீழே இருப்பதாகக் காட்டும். கைப் பரிசோதனையிலும் இதே ஏமாற்றம் உண்டு.

வலி இல்லாதபோது ஒன்று, முக்கலின் உச்சத்தில் ஒன்று என இரண்டு அளவு போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கலின் பலன். எடுத்துக் குறித்துவிட்டு, கோடுகளையும் எண்களையும் திரையிலிருந்து அழித்துவிடுங்கள். திரையில் எண் இருந்தால் தாயும் கூட இருப்பவரும் அதையே பார்ப்பார்கள். “118ல இருந்து 117 ஆயிடுச்சே” என்று கணவர் பதறுவார். அது ப்ரோப் கொஞ்சம் சாய்ந்ததன் விளைவாக இருக்கும்.

6. வலி வருவதற்கு முன் படத்தைச் சொல்லிக் கொடுப்பது

இந்தப் படியை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வலி நடுவில் படத்தை விளக்கினால் காதில் ஏறாது. இரண்டு வலிகளுக்கு இடையில், ஒரு நிமிஷத்துக்குள், மூன்றே விஷயம் சொல்லுங்கள்.

முதலாவது, தலையை விரலால் காட்டுவது. “இந்த வெள்ளைக் கோடு தெரியுதாம்மா? அதுதான் குழந்தையோட தலை.” சிம்ஃபிசிஸ், கோணம், ஸ்டேஷன் எதுவும் அவருக்கு வேண்டாம்.

இரண்டாவது, எங்கே போக வேண்டும் என்பது. “நீங்க முக்கும்போது இந்தக் கோடு கீழே, இந்த ஓரத்தைப் பார்த்து வரணும்.”

மூன்றாவதுதான் மிக முக்கியம். “வலி விட்டதும் தலை கொஞ்சம் மேலே போகும். அது எல்லோருக்கும் நடக்கிறதுதான். பயப்படாதீங்க.” இதைச் சொல்லாமல் திரையைக் காட்டினால், முதல் வலி முடிந்து தலை பின்னால் போவதைப் பார்த்த உடனேயே அவர் முகம் வாடிவிடும். உயிரைக் கொடுத்து முக்கியதெல்லாம் வீணாயிற்று என்று நினைப்பார். அதற்குப் பிறகு எவ்வளவு விளக்கினாலும் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் படும். திரையால் கெடுதல் வருமென்றால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும்.

தலை முழுசாகப் பழைய இடத்துக்கே போவதில்லை என்பதையும் காட்டலாம். நாலைந்து வலிகளுக்கு முன் சேமித்த படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவரே பார்த்துக்கொள்வார்.

7. முதல் முக்கல்: திருத்தாமல் பார்ப்பது

முதல் வலியில் எதையும் திருத்த வேண்டாம். வலி ஏறட்டும், அவருக்குத் தோன்றும்போது, தோன்றும் விதத்தில் முக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும் தாயின் சொந்த உந்துதலைப் பின்பற்றி முக்க விடச் சொல்கிறது. மூச்சை அடக்கிப் பத்து வரை எண்ணச் சொல்வது பழைய வழக்கம். திரை இருக்கும்போது அந்த எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. எவ்வளவு நேரம் முக்கினார் என்பதைவிட, தலை நகர்ந்ததா என்பதுதான் கேள்வி.

பார்க்க வேண்டியது மூன்று. தலை கீழே வருகிறதா, அசையாமல் நிற்கிறதா, முக்கும்போதே மேலே போகிறதா? கடைசியாகச் சொன்னது பலரை ஆச்சரியப்படுத்தும், ஆனால் அபூர்வமல்ல.

தலை வந்தால் ஒரே வார்த்தை: “இதேதான்.” அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

8. திருத்துவது

வலி நடுவில் ஒரு சொல், வலி விட்டதும் விளக்கம். இந்த வரிசை மாறக் கூடாது.

இடுப்புத்தளத்தை (இடுப்பின் அடியிலுள்ள தசைகளை) இறுக்கிக்கொள்வது: மேலே வயிற்றால் தள்ளிக்கொண்டே கீழே தசைகளை இறுக்கி மூடுவார்கள். வலிக்கும் என்ற பயம், மலம் வந்துவிடுமோ என்ற கூச்சம், இரண்டும் காரணம். திரையில் தலை நிற்கும் அல்லது பின்வாங்கும். ஆசனவாய்ப் பக்கத்துத் தசை முன் எலும்பை நோக்கி இழுக்கப்படுவதும் தெரியும். இப்படி இறுக்குபவர்களுக்கு முக்கும் கட்டம் நீளுகிறது என்று ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள்.

இங்கே “இன்னும் பலமா முக்குங்க” என்று சொன்னால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் அவர் இன்னும் பலமாக இறுக்குவார். வலி விட்டதும், வலியே இல்லாதபோது, வேண்டுமென்றே கீழே இறுக்கச் சொல்லித் திரையைக் காட்டுங்கள், பிறகு தளர்த்தச் சொல்லுங்கள். எது இறுக்கம், எது தளர்வு என்பது கண்ணுக்குத் தெரிந்தபின் உடம்புக்கும் பிடிபடும். “மலம் போக முக்குற மாதிரி முக்குங்க, வந்தா வரட்டும், நாங்க துடைச்சுக்கிறோம்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்துச் சொன்னால் கூச்சம்தான் கூடும்.

தொண்டையில் முக்குவது: முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் வரும், திரையில் ஒன்றும் நடக்காது. “சத்தம் போடாதே” என்று அதட்டாதீர்கள். வலியில் இருப்பவரிடம் பேசும் பேச்சில்லை அது. தாடையைத் தளர்த்தச் சொல்லி, தலையைக் குனிந்து திரையைப் பார்க்கச் சொன்னாலே பாதி சரியாகும். மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை அப்படியும் நகர்வதைக் கண்டால் மூச்சடக்கும் பிடிவாதம் தானாகப் போய்விடும்.

இடுப்பைத் தூக்குவது: புட்டம் கட்டிலை விட்டு எழும்பினால் படம் போய்விடும், முதுகும் பின்பக்கம் வளையும். பாதத்துக்கு அண்டக் கொடுங்கள். இறுக்கிப் பிடித்துக் கொள்ள வேண்டாம்.

சீக்கிரம் தொடங்குவது: வலி ஆரம்பித்ததுமே முக்கினால், உச்சம் வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும். இதைத் திரை அழகாகக் காட்டிக்கொடுக்கும். அதே அளவு முயற்சிக்கு உச்சத்தில் தலை எவ்வளவோ அதிகம் நகரும். ஒரு வலியில் இரண்டையும் செய்து பார்க்கச் சொன்னால் நேரம் எது என்று அவரே பிடித்துக்கொள்வார்.

9. கண்ணை மூடிக்கொள்பவர்கள்

பெரும்பாலானவர்கள் முக்கலின் உச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். “கண்ணைத் திற, பாரு, பாரு” என்று கத்துவது உதவாது.

மெஷின் கடைசிச் சில நொடிகளின் ஓட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். வலி விட்டதும் படத்தை நிறுத்தி, உச்சத்திலிருந்து மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். “இப்ப நீங்க கடைசியா முக்கினீங்களே, அதுதான் இது. எவ்வளவு இறங்குச்சு பாருங்க.” என் அனுபவத்தில் நேரலையைவிட இதுவே அதிகம் பலன் தருகிறது, ஏனென்றால் வலி இல்லாத நேரத்தில்தான் மனம் எதையும் வாங்கிக்கொள்ளும்.

ஓட்டிக் காட்டியபின் நிறுத்தத்தை எடுக்க மறக்காதீர்கள். அடிக்கடி நடக்கும் தவறு இது. படம் உறைந்து நிற்கும், அடுத்த வலி வரும், அவர் உயிரைக் கொடுத்து முக்குவார், திரையில் தலை ஒரு இம்மியும் அசையாது. சில மெஷின்கள் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாகவே உறைந்துவிடும். வலி ஏறும்போது பேசுபவரின் முதல் வேலை, திரை ஓடுகிறதா என்று பார்ப்பது.

10. எபிடூரல் போட்டவர்

இவருக்கு வலி எப்போது வருகிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். வயிற்றில் கை வைத்து இறுக்கம் ஏறுவதைச் சொல்ல ஒருவர் வேண்டும். திரை இங்கே உணர்வுக்கு மாற்றாக நிற்கிறது. எதைச் செய்தால் தலை வருகிறது என்று பரிசோதித்துப் பரிசோதித்துக் கற்றுக்கொள்வார்.

கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்ததும் உடனே முக்குவதா, உணர்வு வரும்வரை காத்திருப்பதா என்பது உங்கள் அறையின் நெறிமுறைப்படி. காத்திருப்பதாக இருந்தால் திரையை இப்போதே போடாதீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் முக்கத்தான் தோன்றும்.

எபிடூரல் இருப்பவருக்கு ப்ரோப் அழுத்துவதும் தெரியாது. அதனால் உங்கள் கையை நீங்களே கவனிக்க வேண்டும்.

11. தலை நகரவே இல்லையென்றால்

மூன்று நாலு வலி சரியான முறையில் முக்கியும் திரையில் மாற்றமில்லை என்றால், திரையைத் திருப்பி வைத்துவிட்டு யோசியுங்கள். நகராத படத்தை மணிக்கணக்கில் ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருப்பது கொடுமை.

வலிகள் போதுமானவையா? சிறுநீர்ப்பை மறுபடி நிரம்பிவிட்டதா? குழந்தையின் முகம் எந்தப் பக்கம்? நிலையை மாற்றிப் பார்த்தோமா? தாய் தண்ணீர் குடித்து எவ்வளவு நேரமாயிற்று? இந்த வரிசையில் பார்த்துவிட்டு மூத்தவரை அழையுங்கள். இரண்டாம் கட்டம், அதாவது கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை, முதல் பிரசவத்தில் வழக்கமாக 3 மணி நேரத்துக்குள்ளும், அடுத்த பிரசவங்களில் 2 மணி நேரத்துக்குள்ளும் முடியும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. திரையில் மூழ்கியிருக்கும்போது கடிகாரம் மறந்துபோகும், அதனால் வாய் முழுதாகத் திறந்த நேரத்தைப் பலகையில் எழுதி வையுங்கள்.

துடிப்பு விஷயத்திலும் இதே மறதி வரும். இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையாவது துடிப்பைக் கேட்க வேண்டும். அறையில் அழகான படம் ஒன்று ஓடும்போது துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. காகிதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கென்று ஒருவரை முன்பே நியமிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வேக்குவம் (உறிஞ்சிக் கருவி), ஃபோர்செப்ஸ் (இடுக்கி), சிசேரியன் முடிவுகளைத் தாய்க்குக் காட்டிய இந்தப் படத்தை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. கைப் பரிசோதனை, முறையாக எடுத்த அளவு, துடிப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

12. எப்போது நிறுத்துவது

அவர் முறையைப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்ததுமே நிறுத்தலாம். பெரும்பாலும் சில வலிகளே போதும். கடைசிவரை ப்ரோபைப் பிடித்துக்கொண்டு நிற்பது புதியவர்களின் ஆர்வக் கோளாறு.

வலி இல்லாதபோதும் தலை வெளியே தெரிகிறது என்றால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பெரினியத்தைத் தாங்க இடம் வேண்டும். தலை மெதுவாக வர, முக்காமல் மூச்சு விடச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். திரையைப் பார்த்து முக்கிப் பழகியவர் அப்போதும் முக்கிக்கொண்டே இருப்பார். “இனிமே திரை வேண்டாம், என் குரலை மட்டும் கேளுங்க” என்று சொல்லித் திரையை அணையுங்கள்.

13. பிரசவத்துக்கு முன்பே பழக்குவது

நிறைமாதத்தில் வழக்கமான ஸ்கேனுக்கு வரும்போதே, முக்கினால் இடுப்புத்தளம் திறக்கிறதா, இறுகுகிறதா என்று பார்த்துவிடலாம். கீழே இறுக்கும் பழக்கமுள்ள சிலர், திரையைப் பார்த்து ஓரிரு முறை செய்ததும் மாற்றிக்கொள்கிறார்கள். வலியும் பயமும் இல்லாத நேரம் என்பதால் கற்பது எளிது. சில நொடி முக்கல் போதும், நீட்ட வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர், ரத்தப்போக்கு இருந்தவர், குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர், இதயக் கோளாறு உள்ளவர் இதைச் செய்யக் கூடாது.

14. முடிந்தபின்

உறையைக் கழற்றி, ஜெல்லைத் துடைத்து, ப்ரோப் தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினியால் சுத்தம் செய்யுங்கள். ரத்தமும் பனிக்குட நீரும் படும் இடத்தில் இருந்த ப்ரோப் அது. உறை கிழியவில்லை என்று நம்பி வெறுமனே துடைத்து வைப்பது போதாது. கையில் கிடைத்த ஸ்பிரிட்டைப் போட்டால் சில ப்ரோப்களின் முகம் கெட்டுப்போகும். வயரையும் துடையுங்கள், தரையில் இழுபட்டது அதுதான்.

குறிப்பேட்டில் சம்மதம் வாங்கியது, திரையைத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், ஓய்விலும் முக்கலிலும் கோணம், குழந்தையின் முகம் இருந்த பக்கம், என்ன திருத்தினீர்கள், அதற்குப் பின் தலை எப்படி நகர்ந்தது என்பதை எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரமென்றால் எந்தச் சொல்லுக்கு அவர் சரியாக முக்கினார் என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்து வருபவர் அதே சொல்லைப் பயன்படுத்தினால், தாய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்காது.